எய்னர் ஹேண்ட்பெர்கின் ஷேக்கர் வரைபடங்கள்: பட்டறைக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் வாழ்ந்த ஷேக்கர் சமயக் குழுவினரின் மேசை, நாற்காலி, பெட்டிகளை அளந்து மூன்று தொகுதிகளாக வரைந்தவர் எய்னர் ஹேண்ட்பெர்க். டென்மார்க்கில் பிறந்து மாசசூசெட்ஸில் தொழில் செய்த தச்சர். முதல் தொகுதி 1973இல் வந்தது. பக்கமெல்லாம் கறுப்புக் கோடு, அங்குல அளவு, அவ்வளவுதான். ஆனாலும் பார்க்கப் பார்க்க அலுக்காத புத்தகம்.

ஷேக்கர்கள் அலங்காரத்தை வேண்டாம் என்றவர்கள். செதுக்குவேலை இல்லாத சாமானில் அழகு முழுக்க விளிம்பிலும் விகிதத்திலும்தான். அதைப் புகைப்படத்தைவிட வெறும் கோடு தெளிவாகக் காட்டுகிறது. மெழுகுவர்த்தி வைக்கும் வட்ட மேசையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பலகை, ஒரு தண்டு, மூன்று வளைந்த கால்கள். கடைசல் பிடித்த தண்டு மேலே போகப்போக ஒடுங்கும். பலகையின் அடிவிளிம்பைச் சரிவாக இழைத்திருப்பார்கள். நடுவில் கனம் அப்படியே இருக்க, ஓரம் மட்டும் மெல்லிசாகத் தெரியும். கால் 1/8 அங்குலம் தடித்தாலே அந்த நிற்கும் அழகு போய், மேசை குந்தியதுபோல் ஆகிவிடும்.

குறை என்றால், படிப்படியான செய்முறை இல்லை. இந்த மேசையையே முதல்முறை செய்பவர் மூன்று இடத்தில் தவறக்கூடும். மர ரேகை காலின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மெல்லிய கணுக்காலில் முறியும். கால்களைத் தண்டின் அடியிலிருந்து புறாவால் இணைப்பாக (புறாவின் வால்போல் விரிந்த நாக்கு காடியில் பூட்டிக்கொள்ளும் இணைப்பு) ஏற்றியபின், அடியில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு அடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது கால்கள் விரிந்து தண்டையே பிளக்கும். பலகையைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தில் திருகாணித் துளைகளை நீள்துளையாகப் போடுங்கள். பருவத்துக்குப் பருவம் பலகை அகலவாக்கில் சுருங்கி விரியும், இறுக்கிவிட்டால் வெடிக்கும். பழைய வட்டப் பலகைகள் பலவும் இப்படிச் சுருங்கிச் சற்றே நீள்வட்டமாகிவிட்டவை. அதனால் விட்டத்தை ரேகைவாக்கில் எடுத்த அளவே நம்பத்தக்கது.

அங்குலத்தை மில்லிமீட்டராக்கி முழு எண்ணாக்க வேண்டாம். அங்குல அளவுகோலையே வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்கி நகலெடுத்தால், தெரிந்த ஓர் அளவை நெடுக்கிலும் குறுக்கிலும் சரிபார்த்தபிறகே ஒட்டுப்பலகையில் கால் மாதிரி வெட்டுங்கள்.

இணைப்பு வேலை கைவந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் முதலில் மலிவான மரத்தில் ஒரு கால் அறுத்து, படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எங்கே தடித்தது என்று கோடே காட்டிவிடும்.