இலவசமாக மாற்ற வேண்டிய பம்புக்கு என்னிடம் 18,420 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று மாலைதான் விஷயம் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். பெரிய பைக் கம்பெனி ஒன்றின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர், அவ்வளவுதான் சொல்வேன். தெருமுனை மெக்கானிக் இல்லை. அதனால்தான் நம்பினேன்.

இரண்டு வருடம் முன்பு கூட வேலை பார்ப்பவரிடம் வாங்கிய வண்டி. நான் இரண்டாவது ஓனர். இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

மூன்று மாதம் முன்பு முதல் முறை நின்றது. ஜிஎஸ்டி சாலையில் மதுராந்தகம் தாண்டி ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தேன். பின்னால் மனைவி. ஆக்சிலரேட்டரை முறுக்குகிறேன், வண்டி இழுக்கவில்லை. இன்ஜின் சத்தமே இல்லை. இடது பக்கம் லாரி, வலது பக்கம் நடுத்திட்டு, பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறது. எப்படி ஓரம் கட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. சாவியைத் திருப்பினால் டேங்க்குக்குள் பெட்ரோல் பம்ப் ஓடும் 'உய்ங்' என்று ஒரு சத்தம் வருமே, அது வரவில்லை. பத்து நிமிடம் ஆறிய பிறகு எதுவும் நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது. அவள் அதற்கப்புறம் அந்த வண்டியில் ஏறவில்லை.

மறுநாளே சர்வீஸ் சென்டர். அந்த 'உய்ங்' சத்தம் வரவில்லை என்பதையும் சொன்னேன். பிளக் மாற்றி, த்ராட்டில் பாடி கிளீன் செய்து 2,340 ரூபாய் பில். மூன்று வாரத்தில் மறுபடி நின்றது. சென்சார் போய்விட்டது என்று 4,100. மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அந்த சர்வீஸ் அட்வைசர் என்னைத் தனியாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணா, ஃப்யூவல் பம்ப் போயிருக்கு. வாரன்டி முடிஞ்சிருச்சு, நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அண்ணிய வேற ஏத்திட்டுப் போறீங்க, ரிஸ்க் எடுக்காதீங்க. லேபர்ல கொறச்சுத் தரேன்" என்றார். அண்ணியைப் பற்றிப் பேசினார் பாருங்கள், அந்த இடத்தில்தான் விழுந்தேன். 11,980 ரூபாய். யுபிஐ-யில் ஸ்கேன் செய்தபோது கடைப் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "கம்பெனி அக்கவுண்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சுண்ணா" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். கையில் வந்தது எஸ்டிமேட் தாள் மட்டும். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்.

பழைய பம்பைக் கொடுங்கள் என்று கேட்டேன். "அது கம்பெனிக்கு ரிட்டன் போகணும்ணா" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காசு நான் கொடுத்தால் பழைய பார்ட் என்னுடையது. கம்பெனிக்குத் திரும்பப் போகிறது என்றால் அதற்குக் காசு கொடுப்பது கம்பெனி!

நேற்று பெட்ரோல் பங்கில் அதே மாடல் வைத்திருந்த ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "உங்களுக்குப் பம்ப் மாத்திட்டாங்களா? எனக்கு ஓடும்போதே ரெண்டு தடவ நின்னுச்சு, அப்புறம் ரீகால்ல ஃப்ரீயா மாத்திக் கொடுத்தாங்க" என்றார். அங்கேயே நின்று ஃபோனில் கம்பெனி தளத்தைத் திறந்து சேஸ் நம்பரை, அதாவது வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை, போட்டுப் பார்த்தேன். என் வண்டியும் ரீகாலில் இருந்தது, அதாவது கோளாறான பாகத்தை மாற்றித் தரக் கம்பெனியே திரும்ப அழைத்த வண்டிகளில் ஒன்று. பம்புக்குள் சுழலும் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பி, கூட்டில் உரசி நின்றுவிடுகிறதாம். சில வருடம் முன்பு உலகம் முழுக்கக் கார்களில் டென்சோ என்ற உதிரிபாகக் கம்பெனியின் பம்புகளைத் திரும்பப் பெற்றார்களே, அதே மாதிரியான கோளாறு. அதன் கீழே நிலை: 'பணி முடிந்தது'. தேதி, நான் 11,980 அனுப்பிய அதே தேதி.

அதாவது என்னிடமும் வாங்கி, கம்பெனியிடமும் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ரீகால் கடிதம் முதல் ஓனர் முகவரிக்குப் போயிருக்கிறது, அவர் வீடு மாறிப் பல நாளாகிறது. ஆனால் ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போட சேஸ் நம்பரை அடித்தாலே நிலுவையில் இருக்கும் ரீகால் திரையில் வந்துவிடும் என்று கம்பெனி கஸ்டமர் கேரிலேயே சொன்னார்கள். அப்படியென்றால் முதல் நாளே தெரியும். தெரிந்தே பிளக், சென்சார் என்று இழுத்தடித்து, நடுவில் இரண்டு தடவை என்னை ஹைவேயில் நிற்கவிட்டிருக்கிறார்கள். மொத்தம் 18,420 ரூபாய்.

இன்று காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். அட்வைசர் லீவு என்றார்கள். மேனேஜர் ஜாப் கார்டைக் காட்டினார், அதில் 'ரீகால், கட்டணம் இல்லை' என்றே இருக்கிறது. "சார், நாங்க உங்ககிட்ட பணமே வாங்கலையே. நீங்க யாருக்கோ அனுப்பினதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். அப்படியானால் 2,340-ம் 4,100-ம்? அதற்கு உங்கள் பில் இருக்கிறதே? "அது வேற கம்ப்ளெயின்ட் சார்." புதிய பம்பின் பார்ட் நம்பரைக் கேட்டேன், சிஸ்டம் டவுன். கஸ்டமர் கேரில் ஏழு வேலை நாள் காத்திருக்கச் சொல்லி, டீலரிடமே பேசச் சொல்கிறார்கள். அட்வைசர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பணத்தைவிட ஒன்று என்னைப் பிடுங்கித் தின்கிறது. உள்ளே இருப்பது கம்பெனி அனுப்பிய புதுவகைப் பம்பா, அதே பழைய வகையா? பதிவில் வேலை முடிந்தது என்று ஏறிவிட்டதால் இனி எனக்குக் கடிதமும் வராது, அழைப்பும் வராது. மறுபடி லாரி பக்கத்தில் நின்றால் யார் வருவார்கள்?

ரீகால் என்பது வண்டி மட்டம் என்று சொல்வது இல்லை, பயப்படாதீர்கள். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயிலுக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே வருடம் டிசம்பரில் பிரேக் பிரச்சனைக்காக 26,300 கிளாசிக் 350. 2024-ல் யமஹா பிரேக் லீவருக்காகச் சுமார் 3 லட்சம் ஸ்கூட்டர்களை அழைத்தது. என் வண்டி இவற்றில் எதுவும் இல்லை. சொல்ல வருவது, இத்தனை லட்சம் வண்டியிலும் வேலை இலவசம், செலவு கம்பெனியுடையது. வாகனத் தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம் 2012-லேயே இதற்கு விதிமுறை வைத்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110-ஏ பிரிவில் அரசே ரீகால் செய்ய உத்தரவிடவும் அதிகாரம் இருக்கிறது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சிலது. சர்வீஸுக்கு விடும் முன்பே சேஸ் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள், திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணுமாக 17 இலக்கம், அதில் ஓ (O) என்ற எழுத்து வராது, பூஜ்யம்தான். நான் முதலில் ஓ போட்டு 'பதிவு இல்லை' என்று வந்தது. இரண்டாவது ஓனராக இருந்தால் உங்கள் ஃபோன் நம்பரைக் கம்பெனியில் இன்றே பதிவு செய்யுங்கள். தனி ஆள் பெயருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பார்ட் நம்பர் போட்ட பில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. யுபிஐ ரசீது, எஸ்டிமேட் தாள், இரண்டு பில், ரீகால் திரை எல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாடலில் இதே மாதிரி பம்புக்குக் காசு கட்டியவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்தே மனுப் போடலாம். நாளைக்கு வேறு ஊரில் உள்ள சர்வீஸ் சென்டரில் டேங்க்கை இறக்கிப் பம்ப் நம்பரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வண்டியை ஓட்டிக்கொண்டு போகவில்லை, டெம்போவில் ஏற்றித்தான் போகிறேன்.