மாட் ரீரைட்: பழைய லிங்க் உடையாமல் யூஆர்எல்லை மாற்ற நல்ல கருவிதானா?

யூஆர்எல்லை, அதாவது இணைய முகவரியைப் படித்ததுமே அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கேள்விக்குறி, ஐடி, எண் என்று வால் நீண்டால் படிப்பவருக்கும் புரியாது, தேடுபொறிக்கும் துப்பு கிடைக்காது. அந்த வாலை நறுக்க நான் அதிகம் நம்பியிருப்பது அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளோடு இலவசமாகவே வரும் மாட் ரீரைட். 1996-இல் ரால்ஃப் எங்கல்ஷால் எழுதி, அடுத்த ஆண்டு அப்பாச்சி குழுவுக்குக் கொடுத்த மாட்யூல் (சர்வரோடு சேரும் துணை நிரல்) இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகவரி அழகாக இருந்தால் போதும் என்பவருக்கு இது தேவைக்கு அதிகம். பழைய முகவரி ஒன்றுகூட உடையாமல் தளத்தையே புதிய அமைப்புக்கு மாற்றுபவருக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

நான் பராமரிக்கும் கட்டுரைத் தளம் ஒன்றில் 'கட்டுரை.பிஎச்பி?ஐடி=482' என்ற மாதிரி முகவரிகள் இருந்தன. அதை 'கட்டுரை/482/மழை' என்று மாற்றினேன். எண்ணை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். நாளைக்குத் தலைப்பைத் திருத்தினாலும் எண்ணை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். விதி ஒரே வரிதான்: 'கட்டுரை' என்று தொடங்கி, ஒரு சாய்கோடு, பிறகு எத்தனை இலக்க எண்ணையும் பிடிக்கும் ([0-9]+). அடைப்புக்குள் சிக்கிய எண் $1 ஆகி உள்ளே இருந்து பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி ஃபைலுக்குப் போகிறது. வெளியே யாருக்கும் அந்த ஃபைல் தெரியாது.

பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்புவதில்தான் (ரீடைரக்ட்) வேலையே இருக்கிறது. விதியை எழுதும் ரீரைட்ரூல் கட்டளை கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காது. அதற்குத் தனியாக ஒரு ரீரைட்கான்ட் (நிபந்தனை வரி) வேண்டும். அதோடு, ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும் எச்டிஆக்சஸ் என்ற அமைப்பு ஃபைலில் ஒரு விதி முகவரியை மாற்றினால் எல்லா விதிகளும் மறுபடி முதலிலிருந்து ஓடும். புதியது பழையதாகிறது, பழையது ரீடைரக்ட் ஆகிப் புதியதாகிறது, இப்படியே சுற்றி பிரவுசர் கைவிட்டுவிடும். விதியின் முடிவில் சேர்க்கும் 'எல்' கொடிக்குக் கடைசி விதி என்று பொருள் இருந்தாலும் அந்தச் சுற்றை அது தடுக்காது. பெயரைப் பார்த்து நம்ப வைக்கும் இந்தக் குணம் எனக்குப் பிடிக்கவே இல்லை. 2.4 பதிப்பில் வந்த 'எண்ட்' கொடி உண்மையிலேயே நிறுத்துகிறது. 'தி ரிக்வெஸ்ட்' மாறியைச் சோதிப்பது இன்னொரு வழி. பிரவுசர் அனுப்பிய முதல் வரி அதில் அப்படியே இருப்பதால், நாம் உள்ளே மாற்றியதைப் பார்த்து அது ஏமாறாது. நான் எப்போதும் இதைத்தான் எழுதுகிறேன்.

சரி, எண் தெரியும், 'மழை' என்ற சொல் எங்கிருந்து வரும்? ரீரைட்மேப் இருக்கிறதே! ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இடப்பக்கம் எண், வலப்பக்கம் சொல் என்று வரிசையாக எழுதிவைத்தால் போதும், விதி அதைப் பார்த்து முகவரியை முடித்துக்கொள்கிறது. ஃபைலைத் திருத்தினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். இந்த ஒரு வசதிக்காகவே இந்த மாட்யூலைப் பரிந்துரைப்பேன். ஒரே சங்கடம், மேப்பை சர்வரின் முதன்மை கான்ஃபிக் ஃபைலில்தான் அறிவிக்க முடியும், எச்டிஆக்சஸில் முடியாது. ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவருக்கு இது கைக்கு எட்டாது.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 'மழை' என்ற சின்னச் சொல்லே சதவீதக் குறிகளாக (%E0 மாதிரி) மாறும்போது 27 எழுத்தாக நீளும். அதனால் சொல்லைச் சுருக்கமாக வையுங்கள். விதியிலும் மேப்பிலும் தமிழை நேராகவே எழுதலாம். பிரவுசரிலிருந்து காப்பி செய்த சதவீத வடிவத்தை ஒட்டினால் மாட் ரீரைட் ஒவ்வொரு சதவீதக் குறியையும் %25 ஆக்கிவிடும், பக்கம் கிடைக்காது. அப்படித்தான் ஒட்ட வேண்டும் என்றால் 'என்இ' கொடியைச் சேர்க்க வேண்டும்.

நிரந்தர ரீடைரக்டுக்கான 301-ஐ முதல் நாளே போடாதீர்கள். பிரவுசர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு விதியைத் திருத்தினாலும் பழைய இடத்துக்கே போகும். தற்காலிக ரீடைரக்டுக்கான 302 போட்டுச் சோதித்து, எல்லாம் சரியானதும் 301 ஆக்குங்கள். முகவரியில் சாய்கோடுகள் கூடினால் பக்கத்தில் உள்ள பாதைகள் தவறிவிடும், அதனால் சிஎஸ்எஸ் (தோற்றத்துக்கான ஃபைல்), படங்களின் பாதைகள் சாய்கோட்டில் தொடங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

எந்த விதி எங்கே இடறுகிறது என்று பார்க்க சர்வர் எழுதும் லாக் (பதிவேடு) அருமையாக உதவுகிறது. பழைய பயிற்சிக் குறிப்புகளில் வரும் ரீரைட்லாக் கட்டளை 2.4-இல் கிடையாது, லாக்லெவலில் ரீரைட்டுக்கு டிரேஸ்3 வைத்தால் ஒவ்வொரு விதியின் ஒப்பீடும் வரிவரியாக வரும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், லாக் ஃபைல் வீங்கிவிடும். சர்வர் உங்கள் கையில் இருந்தால் விதிகளையும் முதன்மை கான்ஃபிக்குக்கே கொண்டுபோங்கள். எச்டிஆக்சஸை ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடிப் படிக்க வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. ஆனால் முதன்மை கான்ஃபிக்கில் முகவரி சாய்கோட்டோடு தொடங்கும், விதிகளை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

புதிதாகத் தளம் தொடங்குபவருக்குப் பழைய முகவரி என்று எதுவும் கிடையாது. அவர் அப்பாச்சியில் ஃபால்பேக்ரிசோர்ஸ் என்று ஒரு வரியோ, இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் டிரை ஃபைல்ஸ் என்று ஒரு வரியோ எழுதி, மீதியைத் தன் நிரலில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், என்ஜின்எக்ஸ் எச்டிஆக்சஸைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அங்கே மாறப் போகிறவர்கள் விதிகளை முன்கூட்டியே மாற்றி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.