கோரிமேட்டைத் தாண்டி ஒரு கிரிக்கெட் பயிற்சி: பணம் கொடுக்கத் தகுமா?

பேட்டிங் மட்டும் கற்றுக்கொண்டு அடுத்த வருடமே மகன் தொலைக்காட்சியில் வந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே வர வேண்டாம். பந்தை ஒழுங்காக எறியவும் பிடிக்கவும், தோள் கெடாமல் வளரவும் வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். என் மகன் பதினோரு வயதில் சேர்ந்தான். வருடத்துக்கு மேலாகப் போய்வருகிறான்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் கோரிமேட்டைத் தாண்டினால் இடது கைப்பக்கம் ஒரு வாடகை மைதானம். இரண்டு வலை, ஒரு தகரக் கொட்டகை, எதிரே சேர்வராயன் மலை. பெயர்ப் பலகை கிடையாது. நம் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இந்திய அணியின் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான பிறகு, சேலத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவர் படம் போட்ட கோச்சிங் பலகை கண்ணில் படுகிறது. மட்டையாளரின் காலடியில் குத்தும் யார்க்கர் பந்தை ஒரே மாதத்தில் கற்றுத்தருவதாகச் சொன்னவர்களைக்கூடப் பார்த்துவிட்டேன். பலகை இல்லாததே எனக்கு முதல் நம்பிக்கை.

பயிற்சியாளர் ஐம்பதைத் தாண்டியவர். சென்னை லீகின் கீழ் டிவிஷன்களில் ஒரு கம்பெனி அணிக்கு ஆடியவர். வேலை முடிந்து ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகாலை சென்ட்ரலில் இறங்கி, ஸ்டேஷனிலேயே பல் துலக்கிவிட்டு மைதானத்துக்குப் போவாராம். ரஞ்சி அணியின் உத்தேசப் பட்டியலில்கூட அவர் பெயர் வந்ததில்லை. எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து எறிந்து எறிந்தே வலது தோள் போய், முப்பது வயதுக்குள் ஆட்டம் முடிந்தது. அதன் பிறகுதான் பயிற்சியாளர் தேர்வு எழுதியிருக்கிறார். இவை எல்லாவற்றையும் சேர்க்க வரும் பெற்றோரிடம் அவரே முதல் நாளில் சொல்லிவிடுகிறார்.

அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அன்றைக்கு முழு வேகத்தில் எத்தனை முறை எறிந்தான் என்பதற்குக் கோடு போடுகிறார், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து. அளவு வந்ததும், "போதும் கண்ணு, போய் உட்கார்." இந்தக் கணக்கை அவர் பேஸ்பாலிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் சிறுவர்கள் ஆடும் லிட்டில் லீகில் ஒரு நாளைக்கு ஒரு பையன் இத்தனை பந்துதான் வீசலாம் என்று விதியே இருக்கிறது: ஒன்பது, பத்து வயதுக்கு 75, பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு 85. ஒரு நாள் ஒரு பையனின் அப்பா, "பையனை உட்கார வைக்கவா சார் பணம் கட்டுகிறோம்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். இவர் பதில் பேசவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினார். காது உயரத்துக்கு மேல் அது போகவில்லை. வலைக் கயிற்றை அவர் ஏன் எப்போதும் இடது கையால் இழுத்துக் கட்டுகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கொட்டகை ஆணியில் தொங்கும் பேஸ்பால் கையுறை ஒன்றும் உண்டு. தோல் கறுத்துவிட்டது, வார் அறுந்த இடத்தில் ஷூ லேஸ் கோத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பிள்ளைகள் எறிவதை வாங்குவார். தையலுக்குக் குறுக்கே இரண்டு விரல், அடியில் கட்டைவிரல், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது. குறுக்கே பிடித்தால் பந்து வளையாமல் நேராகப் போகும். பேஸ்பால் 142 முதல் 149 கிராம், பெரியவர்களின் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம்; கொஞ்சம் எடை வித்தியாசம் இருந்தாலும் எறியும் வித்தை ஒன்றுதான் என்கிறார். ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணிக்கே பேஸ்பாலிலிருந்து வந்த மைக் யங் என்ற அமெரிக்கர் ஃபீல்டிங் சொல்லிக்கொடுத்தவர்தான். நான் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவள். பற்றவைப்பு சரியில்லாத கொலுசை எந்த மெருகும் காப்பாற்றாது. இவர் பற்றவைப்பைப் பார்க்கிற ஆள்.

மலை கறுத்தால் சிறிது நேரத்தில் இங்கே மழை. அப்போது கொட்டகைக்குள் கதை நடக்கும், பெரும்பாலும் அமெரிக்க பேஸ்பாலின் கீழ்மட்டமான மைனர் லீக் கதை. மேலே 30 பெரிய அணிகள், அவற்றுக்குக் கீழே நான்கு படிகளில் 120 அணிகள். அந்தப் படிகளில் ஏறத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் மேலே போய்ச் சேருவதில்லை. பெரிய அணிக்கு நேர் கீழே உள்ள உச்சிப் படியான டிரிபிள் ஏ-யில் ஆடினால்கூட 2022-இல் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 17,500 டாலர்தான். 2023-இல் வீரர்கள் சங்கம் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகே 35,800 ஆனது. இவருக்குப் பிடித்த ஆள் ஏர்ல் வீவர். மைனர் லீகுகளிலேயே ஆடி முடித்தவர், பெரிய லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். அவர்தான் 1968-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பெரிய அணிக்கு மேலாளராகி (நம் தலைமைப் பயிற்சியாளர் மாதிரி), 1970-இல் பெரிய லீகின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்றார். 1996-இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கொடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் மனிதருக்குக் குரல் ஒரு படி உயரும். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு புரிகிறதோ தெரியாது. என் மகனுக்கு வீவர் நடுவர்களோடு போட்ட சண்டைகள்தான் நினைவிருக்கின்றன.

ஒருமுறை பிள்ளைகளை வாழப்பாடி மைதானத்துக்கு டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். பந்தைப் பார்க்கக் கூடாது, ஆளுக்கு ஒரு ஃபீல்டரை மட்டும் பார்க்க வேண்டும் என்பது அன்றைய வீட்டுப்பாடம். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்த எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் மட்டையாளருக்குப் பக்கவாட்டில், பாயிண்ட்டில் நின்றவர் பந்து வீசப்படும் நேரத்தில் எத்தனை அடி முன்னே வருகிறார் என்று மகன் இன்றும் நடித்துக் காட்டுகிறான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பேட்டிங் வலையில் முறை வர வெகுநேரம் ஆகிறது. சனிக்கிழமை கூட்டத்தில் வராமலே போவதும் உண்டு. ஆடுதளத்தில் விரித்திருக்கும் மேட்டிங் ஒரு முனையில் கிழிந்து, பந்து அங்கே பட்டால் எகிறுகிறது. இதை உடனே மாற்ற வேண்டும். உதவிக்கு வரும் இளைஞர் சின்னப் பிள்ளைகளிடம் தேவைக்கு மேல் கத்துகிறார். கழிப்பறை பெண் பிள்ளைகளுக்கு உதவாது. அதனாலேயே என் தங்கை தன் மகளைச் சேர்க்கவில்லை.

மாதக் கட்டணம் 1,500 ரூபாய், ரசீது கேட்டால்தான் கிடைக்கும். பேட், பேடு எதையும் அவர் விற்பதில்லை. இந்த வயதுக்குக் காஷ்மீர் வில்லோ மட்டையே தாராளம், விலை கூடிய இங்கிலீஷ் வில்லோவில் காசைக் கொட்டாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். சேர்ப்பதானால் மே மாத முகாமைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் கணக்கு நோட்டுகூடத் திணறுகிறது. ஜூனில் பள்ளி திறந்த பிறகு, வார நாளில், காலை ஆறு மணி வகுப்புக்குப் போங்கள்.