ஜஸ்பால் பட்டியின் பேனாவும் தேவன் போஜானியின் காதும்

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர் ஆறேழு ஆண்டுகளாக இந்தித் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் நடித்து வருகிறார். பெரும்பாலும் பக்கத்து வீட்டு 'மதராசி' வேடம்தான்: நெற்றியில் பட்டை, இடுப்பில் லுங்கி, வசனத்துக்கு வசனம் ஓர் 'ஐயையோ'. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளையை இவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அவருக்கு அது சம்பளம். சென்ற மாதம் அவர் இரண்டு அழைப்புகளோடு என் வீட்டுக்கு வந்தார். ஒரு தயாரிப்பு நிறுவனம் தன்னுடைய நகைச்சுவைத் தொடரின் சில எபிசோடுகளை இயக்கித் தரச் சொல்கிறது. கதையும் வசனமும் வேறொருவருடையவை, இவருக்கு அதில் ஒரு சிறு வேடமும் உண்டு. இன்னொரு பக்கம், ஊர்க்காரர்கள் சிலர் பணம் போட்டு ஒரு சின்னத் தமிழ்ப் படம் எடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அதில் எழுத்து, இயக்கம், நாயகன் மூன்றும் இவரே. "எதைப் பிடிக்கட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

இந்த இரண்டு வழிகளிலும் ஏற்கெனவே ஆள் போயிருக்கிறார்கள் என்றேன். முதல் வழியில் போனவர் தேவன் போஜானி, இரண்டாம் வழியில் போனவர் ஜஸ்பால் பட்டி. இரண்டு பேருமே தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர்களாக அறியப்பட்டு, இயக்குநர் நாற்காலியிலும் உட்கார்ந்தவர்கள். ஆனால் அந்த நாற்காலிக்கு ஒவ்வொருவரும் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார், எதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார் என்பதில்தான் ஒப்பீடு இருக்கிறது.

பட்டியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். (தமிழில் இந்தப் பெயரை எப்படி எழுதினாலும் ஆட்டுப் பட்டியாகவோ வீட்டுப் பாட்டியாகவோ ஆகிவிடுகிறது, அவர் கேட்டிருந்தால் அதையும் ஒரு துணுக்காக்கியிருப்பார்.) 1955-இல் அமிர்தசரஸில் பிறந்து, சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தவர். 'நான்சென்ஸ் கிளப்' என்ற பெயரில் தெருவில் நையாண்டி நாடகம் போட்டார், 'தி டிரிப்யூன்' நாளிதழுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தார், தூர்தர்ஷனில் 'உல்டா புல்டா' என்ற சில நிமிடத் துணுக்குகளால் வீடுதோறும் அறிமுகமானார். 1989-இல் வந்த 'ஃபிளாப் ஷோ' பத்தே எபிசோடுகள்தான். எழுத்தும் இயக்கமும் முதன்மை வேடமும் அவருடையவை. தயாரித்தவர், உடன் நடித்தவர் அவருடைய மனைவி சவிதா பட்டி. முனைவர் பட்ட மாணவனை வீட்டு வேலைக்கு ஓடவிடும் பேராசிரியரைப் பற்றிய எபிசோடை இன்றைய ஆய்வு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினாலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஓர் இந்தித் திரைப்பாட்டின் மெட்டில் கேலிப்பாட்டு ஒன்று வரும். நடிப்பென்று பெரிதாக எதுவும் செய்யமாட்டார். டர்பனோடு நின்று, குரலை ஏற்றாமல் இறக்காமல், அரசு அலுவலகச் சுற்றறிக்கையைப் படிப்பவர்போல் வசனத்தைச் சொல்வார். எழுதியவரும் சொல்பவரும் ஒருவரேயானதால்தான் அந்தச் சுரமற்ற சொல்முறை செல்லுபடியானது என்பது என் கணிப்பு. அதே வசனத்தை இன்னொரு இயக்குநரிடம் கொடுத்திருந்தால் 'இன்னும் கொஞ்சம் பஞ்ச் வையுங்கள்' என்று கேட்டிருப்பார்.

போஜானி இதற்கு நேர் எதிரான ஆள். மும்பையின் குஜராத்தி நகைச்சுவை மரபிலிருந்து வந்தவர். 1993-இல் தூர்தர்ஷனில் வந்த 'தேக் பாய் தேக்' தொடரில் வீட்டு வேலைக்காரர் கரீமா, 2001-இல் தொடங்கிய 'ஆஃபீஸ் ஆஃபீஸ்' தொடரில் குமாஸ்தா பட்டேல், பிறகு 'பா பஹூ அவுர் பேபி'யில் 'கட்டு' என்ற பாத்திரம் என்று பெயர் சொல்லும் வேடங்கள் பல உண்டு. ஆனால் எதிலும் கதையின் நடுநாயகம் அவர் அல்லர். ஓரத்தில் நின்று, தன் முறை வரும்வரை மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேடங்கள் அவை. 2004 நவம்பரில் ஸ்டார் ஒன் அலைவரிசையில் தொடங்கிய, மும்பையின் பணக்காரக் குடும்பம் ஒன்றைப் பற்றிய 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரை இயக்கியவர் இவரே. எழுதியவர் ஆதிஷ் கபாடியா. நடித்தவர்கள் சதீஷ் ஷா, ரத்னா பாட்டக் ஷா, சுமீத் ராகவன், ரூபாலி கங்குலி, ராஜேஷ் குமார். தனக்கென்று போஜானி எடுத்துக்கொண்டது அந்த வீட்டு மருமகன் துஷ்யந்த் வேடத்தை மட்டும்: வீட்டில் எந்த மின்சாதனம் கண்ணில் பட்டாலும் கழற்றிப் போட்டு, அது வேலை செய்யும் விதத்தைப் பாகம் பாகமாக விளக்கத் தொடங்கும் மனிதர். எப்போதாவது வந்து, அறையிலுள்ளவர்களை ஓடவைத்துவிட்டுப் போய்விடுவார். ஒளிபரப்பான காலத்தில் அந்தத் தொடருக்கு டிஆர்பி பெரிதாக வரவில்லை, மறுஒளிபரப்பில்தான் அதற்கு ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

எழுத்தை வைத்துப் பார்த்தால் பட்டியின் தட்டு தாழ்கிறது, அதில் விவாதமே இல்லை. சொல்வதற்குச் சொந்தமாக ஒன்று அவரிடம் இருந்தது: ஊழலையும் சிவப்பு நாடாவையும் சாதாரண மனிதனின் பக்கம் நின்று பார்த்த பார்வை. போஜானிக்கு அப்படிப்பட்ட அடையாளம் கிடையாது. ஆனால் இயக்கம் என்ற வேலையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், எனக்குப் போஜானியே மேலானவராகத் தெரிகிறார். இதைச் சொன்னால் மறுப்பவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

'சாராபாய்' தொடரில் மகன் ரோசேஷ் கவிதை வாசிக்கத் தொடங்கும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். கவிதை அபத்தம், வாசிக்கும் குரல் அதைவிட அபத்தம். இவ்வளவும் எழுத்தாளரும் நடிகரும் கொடுத்தவை. அதற்குப் பிறகு அந்த வரவேற்பறையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: பெருமையில் பூரிக்கும் தாய் மாயா, எப்போது காலை வாரலாம் என்று காத்திருக்கும் தந்தை இந்திரவதன், சிரிப்பை அடக்கும் அண்ணன், ஒன்றும் புரியாத அண்ணி. இவர்களில் யாருடைய முகத்தை முதலில் காட்டுவது, எந்த முகத்தை அரை நொடி கூடுதலாக வைத்திருப்பது, யார் வாய் திறப்பதற்கு முன் அறை அமைதியாக இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்பவர் இயக்குநர். மாயா தன் மருமகளை 'மிடில் கிளாஸ்' என்று மட்டம் தட்டும்போது அந்தச் சொல்லைவிட அதற்கு முன் வரும் சிறு நிறுத்தமே அதிகம் குத்துகிறது. ஆண்டுக்கணக்காகத் தன் முறைக்குக் காத்திருந்து நடித்த ஒருவருக்கே அந்த நிறுத்தத்தின் அளவு காதில் படிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பட்டியின் தொடரில் இப்படிப்பட்ட கூட்டு இசை குறைவு. எல்லாரும் அவர் எழுதிய கேலிக்குப் பக்கவாத்தியம் வாசிப்பார்கள், கச்சேரி அவருடையது.

திரைப்படத்துக்கு வந்தபோது இருவருடைய கணக்கும் மாறிப்போனது. பட்டி 1999-இல் 'மாஹௌல் டீக் ஹை' என்ற பஞ்சாபிப் படத்தை இயக்கினார். காவல்துறையை நையாண்டி செய்த படம். மும்பைக்கு வந்து இந்திப் படம் எடுக்க முயலாமல் தன் மொழிக்கும் தன் ஊருக்கும் திரும்பினார் என்பதைக் கவனிக்கவேண்டும். இந்திப் படங்களில் நடிக்கமட்டும் வந்து போனார். 2006-இல் வந்த 'ஃபனா'விலும் அவர் உண்டு. அடுத்துக் கையில் எடுத்த 'பவர் கட்', பஞ்சாபின் மின்வெட்டைக் கேலி செய்வது. மின்பொறியியல் படித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான கதை வாய்த்திருக்காது. நாயகனாக நடித்தவர் அவருடைய மகன். 2012 அக்டோபர் 25 அதிகாலையில், அந்தப் படத்தின் விளம்பரப் பயணத்தில், ஜலந்தர் அருகே ஷாகோட்டில் நடந்த சாலை விபத்தில் பட்டி இறந்துபோனார். படம் வெளியாக ஒரு நாள் பாக்கி இருந்தது. அடுத்த ஆண்டு, மறைவுக்குப் பின், பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. இரண்டு படங்களுக்கும் நடுவில் 13 ஆண்டுகள் என்பதைத் தம்பிக்கு நான் அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் எல்லாவற்றையும் தானே செய்பவரால் வரிசையாகப் படம் எடுக்க முடிவதில்லை.

போஜானியின் முதல் திரைப்படமோ 2017 மார்ச்சில் வந்த 'கமாண்டோ 2'. வித்யுத் ஜம்வால் நாயகனாக நடித்த, கறுப்புப் பணத்தைத் துரத்தும் அடிதடிப் படம். முதல் பாகத்தை இயக்கியவர் வேறு, மூன்றாம் பாகத்தை இயக்கியவரும் வேறு. நகைச்சுவையில் ஊறிய ஒருவருக்குச் சினிமா கொடுத்த முதல் வாய்ப்பு, அவருடைய காதுக்கு வேலையே இல்லாத வகையில் அமைந்தது. அந்தப் படத்தில் எனக்கு அவருடைய கை தெரிந்த ஒரே இடம், அதா சர்மா நடித்த பாவனா ரெட்டி என்ற வாயாடிக் காவல் அதிகாரி. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் அவர் பேச்சின் தாளம் தொலைக்காட்சித் தொடரின் தாளமாகவே இருந்தது. தென்னிந்தியப் பெண்ணை இந்தியில் இப்படித்தான் பேசவைப்பார்கள் என்ற என் பழைய மனக்குறை அங்கேயும் எழுந்தது, அது வேறு கதை. அடுத்த பாகத்திலும் அந்த வேடத்தைத் தொடர்ந்தார்கள், இயக்குநரைத் தொடரவில்லை.

அமெரிக்காவில் இந்தத் தாண்டல் இவ்வளவு கரடுமுரடாக இல்லை. 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரில் நடித்துப் புகழ்பெற்ற ராப் ரைனர் 1984-இல் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' மூலம் இயக்குநரானார். 'லாவெர்ன் அண்ட் ஷெர்லி'யில் நடித்த பென்னி மார்ஷல் 1988-இல் 'பிக்' படத்தை இயக்கி, அமெரிக்காவில் 10 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் பெண் இயக்குநர் ஆனார். இருவரும் ஒருகாலத்தில் கணவன் மனைவி. அங்கே நடுத்தரப் பட்ஜெட்டில் நகைச்சுவைப் படம் என்ற ஒரு வகை நிலையாக இருந்தது, இவர்களுக்கு அதில் இடமும் இருந்தது. தமிழிலோ விஜய் டிவியின் 'லொள்ளு சபா'வை இயக்கிய ராம்பாலா, அந்த நிகழ்ச்சியில் வளர்ந்த சந்தானம் நாயகனான பிறகு, 2016-இல் 'தில்லுக்கு துட்டு'வில்தான் திரைப்பட இயக்குநராக முடிந்தது. அவர் நடிகராக இருந்து வந்தவர் அல்லர் என்பதால் நம் ஒப்பீட்டுக்குள் முழுதாக வரமாட்டார். ஆனால் சின்னத்திரையில் சம்பாதித்த பெயர் பெரிய திரையின் வாசலில் செல்லாக் காசாகிவிடுவதை அந்த இடைவெளி காட்டுகிறது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மும்பைத் தொலைக்காட்சியில் வேலை செய்து 90 நாள் கழித்துப் பணம் வருவது நெடுநாள் வழக்கம், 12 மணி நேர ஷிப்டும் அப்படியே, ஆனாலும் வரும். ஊர்க்காரர் பணத்தில் எடுக்கும் படத்தில் தம்பிக்குச் சம்பளமே எழுதப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் தன் போனை எடுத்து ஒரு காட்சித் துண்டைக் காட்டினார். இருபது நொடி இருக்கும். பக்கத்து வீட்டு மாமியார் கோபத்தில் கதவைச் சாத்துகிறாள். வாசலில் நிற்கும் 'மதராசி' வழக்கம்போல் 'ஐயையோ' என்கிறார். "இதுல நான் கதவைப் பார்த்து, கையில இருக்கிற டம்ளரைப் பார்த்து, அப்புறம்தான் ஐயையோ சொன்னேன் அண்ணாச்சி. முழுசா ரெண்டு செகண்ட். அதை வெட்டிட்டாங்க" என்றார். வெட்டிய இடத்தில் படம் துள்ளுவது தெரிந்தது, சிரிப்பும் செத்துப்போயிருந்தது. தமிழ்ப் படத்துக்கு என்ன கதை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். தாராவி, ஒரு இட்லிக் கடை, மூன்று நண்பர்கள் என்று தொடங்கி நான்காம் வாக்கியத்தில் நின்றுவிட்டார். "எனக்கு எழுத வராது அண்ணாச்சி, செட்டுல போய் பார்த்துக்கலாம்னு நினைச்சேன்."

பட்டியின் வழியில் போக முதலில் பட்டியின் பேனா வேண்டும். தம்பியிடம் அது இல்லை, அல்லது இன்னும் வரவில்லை. இரண்டு நொடி காணாமல்போனதை ஆறு மாதமாக மனத்தில் வைத்துக்கொண்டு திரிபவருக்குக் காது இருக்கிறது. எபிசோடுகளை எடுத்துக்கொள், ஊர்க்காரர்களிடம் ஓராண்டு தவணை கேள், அதற்குள் எவரேனும் உன்னை அடிதடிப் படம் எடுக்கக் கூப்பிட்டால் போகாதே என்று சொல்லி அனுப்பினேன். போஜானிக்கே அந்த அழைப்பை மறுக்கும் வசதி இருந்ததா என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்து பேக்-அப் ஆனதும் தம்பி போன் செய்தார். முதல் எபிசோடு முடிந்துவிட்டது. ஒரு காட்சியில் அப்பா வேடக்காரரை, பதில் சொல்வதற்கு முன் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொள்ளச் செய்திருக்கிறார். வசனம் எழுதியவர், இந்த இடத்தில் எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்டாராம். எடிட்டில் ஒன்றரை நொடி போய்விட்டது. மீதி அரை நொடிக்காகத் தான் எடிட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.