லைட்கொயின் கலக்கும் சேவையொன்றில் நான் இழந்த 6 நாணயங்கள்

இலங்கை மலையகத்தின் அட்டனில் இருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வரைகலை வேலை செய்து கொடுத்து, கூலியின் ஒரு பகுதியை பிட்கொயின் போன்ற மெய்நிகர் நாணயமான லைட்கொயினாகப் பெற்றுவருகிறேன். லைட்கொயினின் பேரேடு, அதாவது எல்லாப் பரிமாற்றங்களும் பதிவாகும் இணையப் பதிவு, எவரும் பார்க்கக்கூடியது. ஆகவே நாணயம் பெற நான் கொடுக்கும் முகவரியை (கணக்கு எண் போன்ற ஒரு குறியீடு) அறிந்த ஒருவர், மற்றவர்கள் எனக்கு எவ்வளவு தந்தார்கள், கையிருப்பு எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் கூலியைக் குறைத்துப் பேசிய பிறகே, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தெரியாதபடி பலரின் நாணயங்களைக் கலந்து தரும் ‘மிக்சர்’ சேவையொன்றை 2024 ஒக்டோபரில் தேடினேன்.

தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வந்த தளத்தைத் திறந்தேன். நாம் அனுப்பும் நாணயங்களை அவர்கள் எடுத்துக்கொண்டு, 1.5 சதவீதக் கட்டணம் போக, பிறரிடமிருந்து வந்த நாணயங்களைச் சில மணி நேரம் கழித்து நம் புதிய முகவரிக்கு அனுப்புவார்களாம். சோதனைக்கு அனுப்பிய 0.2 லைட்கொயின் சொன்னபடி வந்து சேர்ந்தது. மறுநாள் 6 லைட்கொயின் அனுப்பினேன். அன்றைய விலையில் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். அப்போது 1,350 ரூபாய் நாட்சம்பளத்துக்குத் தேயிலைக் கொழுந்து பறித்த என் அம்மாவின் ஏறக்குறைய 90 நாள் உழைப்பு.

அது திரும்பவேயில்லை. இரண்டாம் நாள், சரிபார்ப்புக்காக மேலும் 1.5 லைட்கொயின் செலுத்த வேண்டும் என்று செய்தி வந்தது. நான் செலுத்தவில்லை. அந்த வாரத்துக்குள் தளமே மறைந்துவிட்டது.

நான் ஏமாந்த இடம் அவர்கள் தந்த ‘உத்தரவாதக் கடிதம்’. ஒவ்வொரு வைப்புக்கும் மின் கையொப்பமிட்ட கடிதமொன்றைத் தருகிறார்கள். அந்தக் கையொப்பத்தை நானே சரிபார்த்தேன், பொருந்தியது. ஆனால் சரிபார்க்கப் பயன்பட்ட திறவியும் (கையொப்பம் யாருடையது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் குறியீடு) அதே தளத்திலிருந்து எடுத்ததுதான். கொழுந்து நிறுக்கும் தராசும் கணக்குப் புத்தகமும் ஒரே ஆளின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது, ஆயினும் திரையில் அதை அடையாளம் காணவில்லை. அந்தத் தளம் ஓர் அசல் மிக்சர் சேவையா, அப்படியொன்றின் போலிப் பிரதியா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

பதிவேடுகள் வைப்பதில்லை என்ற வாக்குறுதியையும் நம்பினேன். பிட்கொயினுடன் லைட்கொயினையும் கலந்து கொடுத்த பெஸ்ட்மிக்சர் என்ற மிக்சர் சேவை 2019 மே மாதத்தில் நெதர்லாந்து அதிகாரிகளால் முடக்கப்பட்டபோது, பயனர்களின் இணைய முகவரிகளும் பரிமாற்ற விபரங்களும் உரையாடல்களும் அவர்கள் கைக்குப் போயின என்பதைப் பின்னரே படித்தேன். தொகைகளை மறைக்கும் வசதி 2022 மே முதல் லைட்கொயினிலேயே உண்டு என்பதையும், அதை ஏற்கும் பணப்பை (நாணயங்களை வைத்து அனுப்ப உதவும் செயலி) போதும், நாணயத்தை எவர் கையிலும் ஒப்படைக்க வேண்டியதில்லை என்பதையும் அதற்குப் பிறகுதான் அறிந்தேன்.

முறையிடப் போனபோது பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே. மெய்நிகர் நாணயச் சேவைகளுக்குத் தான் அனுமதி வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி முன்பே பலமுறை அறிவித்திருக்கிறது. பேரேட்டில் என் 6 நாணயங்கள் வேறொரு முகவரிக்குப் போனது தெளிவாகத் தெரிகிறது. அந்த முகவரிக்குப் பின்னால் இருப்பவர் யாரென்றுதான் தெரியவில்லை.

நான்கு நாட்களுக்கு முன் இன்னொருவர் டெலிகிராமில் எழுதினார். முன்பணமாகப் பத்து சதவீதம் கொடுத்தால் இழந்ததை மீட்டுத் தருவாராம். உறுதியாகிவிட்ட பரிமாற்றத்தை எவராலும் திருப்ப முடியாது. உங்களுக்கும் அப்படி எழுதுவார்கள். தயவுசெய்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.