ஒரு காரும் அதன் போல்ட்டுகளும்: 11 வருட அனுபவம்

என்னிடம் இருப்பது ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்ட ஒரு சின்ன டீசல் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கி 11 வருடம் ஆகிறது. ஆயில் மாற்றுவதிலிருந்து பிரேக் பேட் வரை பெரும்பாலான வேலைகளை நானே செய்கிறேன். கார் அனுபவம் எழுதுபவர்கள் வழக்கமாக மைலேஜ், பிக்கப், சீட்டின் சொகுசு என்று போவார்கள். அதிலெல்லாம் எனக்குக் குறையே இல்லை. நான் எழுத நினைப்பது இந்தக் காரைப் பூட்டி வைத்திருக்கும் போல்ட்டுகளையும் திருகுகளையும் பற்றி. இத்தனை வருடத்தில் என் நேரத்தை அதிகம் தின்றவை அவைதான்.

வாங்கிய புதிதில் என்னிடம் ஒரு ஸ்பானர் செட், ஆலன் கீ, இரண்டு மூன்று ஸ்க்ரூடிரைவர்கள் இருந்தன. அவ்வளவு போதும் என்று நினைத்தேன். எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் தெறிக்க ஆரம்பித்த நாளில் அந்த நினைப்பு போனது.

ஷாஃப்ட் கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் வட்டமாக ஆறு போல்ட். தலையில் குழி, குழிக்குள் பல் பல்லாக நட்சத்திரம் மாதிரி ஒரு வடிவம், அதன் மேல் வருடக்கணக்காகப் படிந்த கிரீஸும் மண்ணும். அளவு ஏறக்குறைய ஒத்துப்போன ஒரு டார்க்ஸ் பிட்டை, அதாவது ஆறு முனை நட்சத்திர வடிவத் திருப்பும் முனையைச் செருகி, ராட்செட்டில் முழு பலத்தையும் கொடுத்தேன். கர்ரென்று ஒரு சத்தம். போல்ட் நகரவில்லை, உள்ளே இருந்த பற்கள்தான் போயின. மீதி ஐந்தைச் சரியான பிட் வாங்கிக் கழற்றினேன். மொண்ணையான அந்த ஒன்றின் தலையை அரைத்து எடுக்க இரண்டு நாள் ஆனது.

அது டார்க்ஸே இல்லை. டிரிபிள் ஸ்கொயர் என்பார்கள், இன்னொரு பெயர் எக்ஸ்இசட்என். மூன்று சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் திருப்பி வைத்தால் வரும் பன்னிரண்டு முனை; ஒவ்வொரு முனையும் 90 டிகிரி. ஜெர்மன் கார்களில் நிறையப் பார்க்கலாம். முதல்முறை கை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிட்டைச் செருகுவதற்கு முன் கூரான கம்பியால் குழிக்குள் இருக்கும் மண் முழுவதையும் கிளறி எடுங்கள். டீசலோ கரைப்பானோ விட்டுத் துடையுங்கள். அப்புறம் பிட்டை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. அடிவரை இறங்கியது கைக்குத் தெரியும், 'டக்'கென்று சத்தம் மாறும். அதற்குப் பிறகுதான் ராட்செட். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு நான்கு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன், ஒரு பல்கூடப் போகவில்லை.

அதனால் டிரிபிள் ஸ்கொயர் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. நெருக்கடியான இடத்தில் சின்னத் தலையை வைத்துக்கொண்டு பெரிய முறுக்கைத் தாங்குகிறது. டார்க்ஸும் அப்படித்தான். நாம் பேச்சில் 'ஸ்டார் ஸ்க்ரூ' என்பது கூட்டல் குறி போலக் குழி உள்ள பிலிப்ஸை. உண்மையில் ஆறு முனை நட்சத்திரமாக இருப்பது டார்க்ஸ். பிலிப்ஸ் குழியின் பக்கங்கள் சரிவானவை, முறுக்கு கூடினால் ஸ்க்ரூடிரைவரை வெளியே தள்ளிவிடும். டார்க்ஸில் பக்கங்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால் கொடுக்கும் பலம் முழுவதும் திருப்புவதற்கே போகிறது. 1967இல் கேம்கார் டெக்ஸ்ட்ரான் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. அன்று அது ஒரு கம்பெனியின் தனிச்சொத்து. இன்று சைக்கிள் பிரேக்கில்கூட இருக்கிறது. புதிய வடிவம் வந்தாலே சதி என்று சொல்லக்கூடாது என்பதை இந்தக் காரிடம்தான் கற்றேன்.

ஆனால் எல்லாத் திருகும் அப்படி இல்லை.

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. அதைப் பிடித்திருப்பவை டி20 என்ற அளவில் இரண்டு திருகுகள். டார்க்ஸ்தான், ஆனால் நடுவில் ஒரு சின்ன ஊசி நிற்கும். நடுவில் துளை போட்ட பிட் இருந்தால்தான் உள்ளே இறங்கும். அந்த ஊசியால் பிடிப்பு கூடுவதில்லை, அதிர்வையும் அது தாங்குவதில்லை. அது செய்யும் ஒரே காரியம் சாதாரண பிட்டைத் தடுப்பது. பல கார்களில் இதே இடத்தில் இதே திருகைப் பார்த்துவிட்டேன். துளை பிட் இன்று சுலபமாகக் கிடைக்கிறது, அதனால் பெரிய தடை இல்லை என்பார்கள். எனக்கு அது சமாதானம் ஆகவில்லை. என் பொருளை நான் தொடக்கூடாது என்று எண்ணிப் போட்ட ஒரு திருகு அது. ஏர்பேக் போன்ற வெடிமருந்து உள்ள இடத்தில் இப்படி ஒரு தடை வைத்தால் புரிந்துகொள்வேன். தூசி துடைக்க வேண்டிய சென்சாருக்கு எதற்கு?

சக்கரத்தின் லாக் நட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் ஆளுக்கு ஒன்று, தனி சாவி. திருட்டைத் தடுக்க வைத்தது என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு தடவை ஒர்க்‌ஷாப்பில் டயர் மாற்றிவிட்டு என் சாவியை அவர்கள் பெஞ்சிலேயே மறந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது மூன்று மாதம் கழித்து, பஞ்சர் ஆன இரவில். கையில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் இருந்தும் மழையில் வண்டியை இழுத்துப் போக ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது சாவியை டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன், அதன் குறியீட்டு எண்ணைப் போனில் படம் எடுத்தும் வைத்திருக்கிறேன். யார் காரைத் தொட்டாலும் திரும்ப வாங்கியதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

2025 இறுதியில் செய்தியான பிஎம்டபிள்யூவின் காப்புரிமை விண்ணப்பத்தைப் படித்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. திருகின் தலையே அவர்களுடைய வட்டச் சின்னம். நான்கு கால்பகுதிகளில் எதிரெதிர் இரண்டு பள்ளம், மற்ற இரண்டு மேடு. பொதுவாகக் கிடைக்கும் கருவிகளால் அனுமதி இல்லாதவர்கள் கழற்றக்கூடாது என்ற நோக்கத்தை விண்ணப்பமே சொல்கிறது. விண்ணப்பித்ததெல்லாம் காரில் வந்துவிடாது, சரி. ஆனாலும் இங்கே அனுமதி இல்லாதவர் என்பது யார்? காருக்குப் பணம் கொடுத்தவரும் அவர் நம்பும் மெக்கானிக்கும்தானே.

திருகுகளின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கனடாவின் ராபர்ட்சன் 1908 வாக்கில் உருவாக்கிய சதுரக் குழித் திருகு நல்ல திருகு, ஃபோர்டு கார்களிலும் பயன்பட்டது. உரிமத்தைப் பிறருக்குத் தர அவர் சம்மதிக்கவில்லை. பிலிப்ஸ் திருகோ பல உற்பத்தியாளர்களுக்கு உரிமம் கொடுக்கப்பட்டு, 1936இல் கேடிலாக் கார்களில் ஏறியது, அப்படியே உலகம் முழுக்கப் பரவியது. வழுக்கும் திருகு ஜெயித்ததற்குக் காரணம் அது எல்லோர் கைக்கும் எட்டியதுதான்.

இப்போது பூட்டு திருகில் மட்டும் இல்லை. அக்காவின் புதிய காரில் பின்சக்கர பிரேக் பேட் மாற்றப் போனபோது, போல்ட் எல்லாம் சாதாரண போல்ட். ஆனால் ஹேண்ட்பிரேக் மின்சாரத்தில் வேலை செய்கிறது. காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரை இணைத்து 'சர்வீஸ் மோட்' கொடுத்தால்தான் பேடை அழுத்தும் பிஸ்டன் பின்வாங்கும். பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் மோட்டார் கெட்டுவிடும். என்னிடம் இருந்த மலிவான ஸ்கேனரில் அந்தக் கட்டளை இல்லை. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஸ்கேனர் மாட்டும் பொதுவான ஓபிடி இணைப்பு கட்டாயம். அதனால்தான் எஞ்சின் பழுதுக் குறியீட்டை யாரும் படிக்க முடிகிறது. அந்தக் கட்டாயம் புகை சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும், பிரேக் அதில் வராது.

சட்டம் போட்டால் மாறும் என்பதற்கு உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் டீலருக்குக் கொடுக்கும் பழுதுத் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் உரிமையாளருக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கார் வயர்லெஸில் அனுப்பும் தகவலுக்கும் அதை நீட்டி 2020இல் மக்கள் வாக்களித்தார்கள். தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு நீதிமன்றம் போனது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து பழுதுத் தகவலை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் நியாயமான விலையில் விற்றாக வேண்டும். திருகுக்கும் இதே மாதிரி ஒரு விதி வேண்டும் என்பது என் ஆசை: எந்த வடிவம் வேண்டுமானாலும் போடட்டும், அதன் கருவியை யாரும் செய்து விற்க விட வேண்டும்.

என் காருக்கு வருகிறேன். மதிப்பெண் கேட்டால் டார்க்ஸுக்கும் டிரிபிள் ஸ்கொயருக்கும் முழுசாகக் கொடுப்பேன், லாக் நட்டுக்குப் பாதி. சென்சாரின் அந்த இரண்டு ஊசித் திருகுகளை எடுத்துவிட்டு, அதே நீளம், அதே மரையில் சாதாரண டி20 போட்டு ஏழு வருடம் ஆகிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் விரல் வைத்துப் பார்க்கிறேன். இன்றுவரை தளரவில்லை.