முடி உதிர்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் ஆலோசனை நேரம்: எங்கள் அனுபவம்

மார்பகப் புற்றுநோய்க்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கீமோதெரபி எடுத்துக்கொண்டேன். நோயாளிகளின் பிள்ளைகளுக்கென்று அங்கே தனி ஆலோசனை நேரம் உண்டு என்பதை மருத்துவமனையார் யாரும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. முதல் குறையாக இதையே சொல்ல வேண்டும். 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றப்படும் டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு மருந்துகளைப் பொறுத்தவரை, முதல் தவணைக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் முடி கொத்துக் கொத்தாக வரத் தொடங்கிவிடும். பிள்ளைகளிடம் அதற்கு முன்பே பேசிவிட வேண்டும். நாங்கள் போனது 12ஆம் நாள்.

ஆலோசகர் முதலில் எங்கள் இருவரையும் மட்டும் அழைத்து, பிள்ளைகளிடம் இதுவரை என்ன சொல்லியிருக்கிறோம் என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்லியிருந்தோம். நாளைக்குத் தனக்கே காய்ச்சல் வந்தால் தன் முடியும் கொட்டிவிடும் என்று குழந்தை பயப்படாதா என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. நோயின் பெயரை மறைக்க வேண்டாம் என்றும், முடி உதிர்வது மருந்தினால்தான் என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்றும், இது தொட்டால் ஒட்டாது, யார் செய்த தப்பாலும் வந்ததல்ல என்பதைப் பிள்ளைகள் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும் என்றும் விளக்கினார்.

அந்தக் கடைசிப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பது பிள்ளைகள் உள்ளே வந்த பிறகே புரிந்தது. என் நான்கு வயது மகன் என் பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். முடியைக் கழற்றி மாட்டும்படி தைத்த ஒரு துணிப் பொம்மையை ஆலோசகர் அவனிடம் கொடுத்து, வேகமாக வளர்கிற கெட்ட செல்களை அழிக்கும் மருந்து, அதேபோல் வேகமாக வளர்கிற முடியின் வேரையும் தாக்கிவிடுகிறது, களைக்கு அடித்த மருந்தில் பயிரும் கொஞ்சம் வாடுவதுபோல, என்று சொல்லிக்கொண்டே பொம்மையின் முடியைக் கழற்றினார். அவன் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "நான் இழுக்கல" என்றான். ஆலோசகர் அவசரப்படாமல் அதையே பிடித்துக்கொண்டு, நீ இழுத்ததால் அல்ல என்று மூன்று முறையாவது வெவ்வேறு விதமாகச் சொன்னார். ஏழு வயது மகளின் கேள்வி வேறு: "பழனியில எனக்கு மொட்டை போட்ட மாதிரியா?" அது நாமாக வேண்டிக்கொண்டு கொடுத்தது, இது மருந்தால் உதிர்வது, இரண்டுமே திரும்ப வளரும் என்ற பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் என் பின்னலை அவள்தான் கத்தரித்தாள். இதுவும் ஆலோசகர் கொடுத்த யோசனையே.

கையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தால் பயனில்லை. அதன் தமிழ் பெரியவர்களுக்கே விளங்காது. தனிக் கட்டணம் வாங்கவில்லை.

பெரிய குறை ஒன்று உண்டு. தலைமுடியைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேசியவர், புருவமும் இமை முடியும் உதிரலாம் என்பதைச் சொல்லவே இல்லை. மொட்டைத் தலைக்குப் பழகி, அதில் முத்தமும் கொடுத்த மகன், மூன்றாம் தவணைக்குப் பின் புருவம் மெலிந்த என் முகத்தைப் பார்த்துப் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டான். திரும்ப வளரும் என்றாரே தவிர, எப்போது என்றும் சொல்லவில்லை; மகள் தினமும் காலையில் என் தலையைத் தடவிப் பார்த்தாள். மருந்து முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்தில் துளிர்க்கத் தொடங்கும், முதலில் சுருட்டையாகவும் வரலாம் என்பதை நாங்கள் பிற்பாடு மருத்துவரிடம் கேட்டறிந்தோம். நீங்கள் போனால் இந்த இரண்டையும் பிள்ளைகள் முன்னிலையில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

பொம்மையை வீட்டுக்குத் தருவதில்லை. மகன் கேட்டு அழுததால் என் மாமியார் பழைய சேலைத் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தார். அதன் புருவத்தை மட்டும் நூலால் தைக்காமல் கண்மையால் தீட்டினார். அவன் அதை ஈரத்துணியால் துடைப்பதும், மறுபடி தீட்டச் சொல்லிப் பாட்டியிடம் நீட்டுவதுமாக இருந்தான்.